செப்புக் குடத்தில் ஆறு மீன்

அன்று தோட்டத்துக் கூலி லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்களை இப்போதும் விரல்விட்டுச் சொல்வேன். அப்பா, அம்மா, நான், என் தம்பி, சித்தப்பா, கிராணி ஐயா, ஜப்பான் துரை, துரையின் லாரி டிரைவர். எட்டுப் பேர். கண்ணாடிப் பெட்டிக்குள் மீன்கள் ஒன்பது. வேறு யாரும் கிடையாது. லாரிச் சத்தம் கேட்டதுமே பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்திக்கொண்டுவிட்டன.

எண்ணிப் பார்ப்பது அப்போது தொற்றிய வியாதி. இன்றைக்கும் தம்பி வீட்டுப் பிள்ளைகள் வந்தால் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். "அத்தைக்கு எல்லாத்துக்கும் பயம்லா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் வயதுக்காரர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு என்னுடையது. முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில், பீடோங் டவுனிலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல். ஜப்பான்காரர்கள் வந்து இரண்டாவது வருஷம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஜப்பான் துரை குடியேறியிருந்தார். அப்பா அந்தப் பங்களாவில் பூச்செடி, புல்வெளி பார்க்கும் ஆள். வெள்ளைக்காரத் துரையின் சம்சாரம் பெரணிச்செடி வளர்த்த கண்ணாடிப் பெட்டி ஒன்று அங்கே மிஞ்சிக் கிடந்தது. ஜப்பான் துரை அதில் தண்ணீர் நிரப்பித் தங்கமீன் விட்டிருந்தார். எங்கிருந்து கொண்டுவந்தாரோ தெரியாது. சாயந்திரம் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு விரலைத் தண்ணீருக்குள் விடுவாராம். ஒன்பது மீனும் வந்து விரல் நுனியைக் கொத்துமாம். அப்பா சொல்லியிருக்கிறார். கும்பிடு போட மறந்ததற்காகக் கங்காணியைச் செவிட்டில் அறைந்ததும் அதே கைதான்.

அந்தத் துரை ஒரு மாதம் அலோர் ஸ்டார் போகவேண்டி வந்தது. பங்களாவில் சிப்பாய்கள் தங்க வருகிறார்கள். அவர்களிடம் விட்டால் வறுத்துத் தின்றுவிடுவார்கள் என்று பெட்டியோடு லாரியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

பெட்டியைச் சன்னலோரம் கட்டைமேல் வைத்தார்கள். துரை மீனைக் காட்டினார். "இக்கான் மாத்தி," என்றார். பிறகு அதே விரலை அப்பாவின் நெஞ்சுக்கு நேரே வைத்தார். "லூ மாத்தி."

மீன் செத்தால் நீ செத்தாய். அவ்வளவு மலாய் எனக்கும் தெரியும். துரை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டிரைவரும் சிரித்தான். அப்பா இடுப்பு ஒடிகிற மாதிரிக் குனிந்து கும்பிட்டார்.

லாரி போன பிறகு கிராணி ஐயா ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு முத்திரை குத்தியது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில்தான். சயாமில் ரயில் ரோடு போட ஆள் எடுக்கிற லிஸ்டை எழுதியதும் அவர்தான்.

"இதைப் பத்திரமா வையும். நீர் துரையின்ர வேலையில இருக்கிறீர் எண்டு எழுதியிருக்கு. மீன் இருக்குமட்டும் சயாம் லிஸ்டில உம்முடைய பேர் வராது. விளங்குதோ?"

"மீனு செத்துப்போச்சுன்னா கிராணி ஐயா?"

"அதை ஏன் என்னட்டக் கேக்கிறீர்? சாகாமப் பாரும்."

சயாம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் மட்டும் அதற்குள் ஐந்து ஆள் போயிருந்தார்கள். ஒரு கடுதாசி வந்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பாவின் உயிர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நீந்திக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை உடம்பும் சிவப்புத் தலையுமாக ஒரு மீன் இருந்தது. தம்பி அதற்குத் 'தொப்பி' என்று பெயர் வைத்தான். இன்னொன்றுக்கு வால் மட்டும் கறுப்பு. மற்றவை எல்லாம் மிளகாய்ப்பழச் சிவப்பு. வாய் திறந்து திறந்து மூடும். எதையோ சொல்ல வருகிற மாதிரியே இருக்கும்.

துரை ஒரு சின்ன டப்பாவில் தூள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், தவிட்டு நிறத்தில். அம்மா அதைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இத்தினி தூளு தின்னு எந்த உசுரு பொழைக்கும்? துரை வீட்டுல என்னென்ன தின்னு வளந்ததோ! நம்ம வீட்டுக்கு வந்து பட்டினி கெடந்துச்சுன்னு பேரு வரக்கூடாது."

நாங்கள் தின்றது மரவள்ளிக்கிழங்கு. காலையில் அவித்த கிழங்கு, இரவில் கிழங்குக் கஞ்சி. ரேஷனில் வரும் கல்லும் சுண்ணாம்பும் கலந்த அரிசியை அம்மா ஒரு பால் டின்னில் எண்ணி எண்ணி வைத்திருந்தார், காய்ச்சல் வந்தால் கஞ்சிக்கு என்று. அந்த அரிசியை எடுத்து மீனுக்குச் சோறு வடித்தார். மூன்று வேளையும் ஒரு கைப்பிடி. வீடெல்லாம் சோற்று வாசம். நானும் தம்பியும் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்ப்போம். போட்டதையெல்லாம் மீன் தின்றது. மேலும் கேட்கிற மாதிரி வாயைத் திறந்தது. அம்மா மேலும் போட்டார்.

நாலாம் நாள் தண்ணீர் கழுநீர் மாதிரி ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் தம்பி அடியில் ஊறிக் கிடந்த சோற்றைக் கையை விட்டு அள்ளித் தின்பதை அம்மா பார்த்துவிட்டார். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆறாம் நாள் காலையில் கறுப்புவால் மீன் பக்கவாட்டில் மிதந்தது.

அப்பா கதவைச் சாத்தினார். அம்மா அதை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தார். "அதைச் சாப்பிடலாமாம்மா?" என்று தம்பி கேட்டான். அவனை அடிக்கக்கூட ஒருத்தருக்கும் கை எழவில்லை.

"தண்ணி அழுக்கு. அதான்," என்றார் அப்பா. செடி வளர்க்கிற மனுஷன். வேரில் கசடு தங்கினால் செடி பட்டுப்போகும் என்பது அவர் கணக்கு. எட்டு மீனையும் வாளியில் பிடித்துப் போட்டுவிட்டு, பெட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டினார். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுக் கண்ணாடி கீச்சிடும்வரை தேய்த்தார். காலைக் கிணற்றுத் தண்ணீர், கை விறைக்கிற குளிர்ச்சி. அதை நிரப்பி மீனைத் திருப்பிவிட்டார். பெட்டி பளபளவென்று இருந்தது. அப்பா முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"இப்பப் பாரு எப்படி ஓடுதுன்னு."

உண்மையிலேயே ஓடின. கண்ணாடியில் முட்டி முட்டி ஓடின. மறுநாள் விடிந்ததும் இரண்டு செத்துக் கிடந்தன.

மிச்சம் ஆறு. துரை வருவதற்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது.

அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டார். "நோவு இருந்தா போயிரும்," என்றார். எங்கள் வீட்டில் காயத்துக்கும் மஞ்சள், காய்ச்சலுக்கும் மஞ்சள். மீனுக்கும் மஞ்சள். தண்ணீர் லேசாக மஞ்சளாகித் தெளிந்தது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லாகவும் ஆகவில்லை. மூலையில் கூடி மூச்சு விட்டுக்கொண்டு நின்றன.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாதது. அம்மாவிடம்கூட.

அம்மாவுக்கு ஒரு செப்புக் குடம் இருந்தது. கல்யாணத்தில் வந்தது. ஜப்பான்காரர்கள் பித்தளை, செம்பு எதையும் விடாமல் பறித்துக்கொண்டிருந்ததால் அதைச் சாக்கில் சுற்றி விறகுக் கொட்டகையில் புதைத்து வைத்திருந்தார்கள். 'செப்புக் குடத்துத் தண்ணி குடிச்சா ஒரு சீக்கும் அண்டாது' என்று அம்மா நல்ல காலத்தில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மீனுக்குச் சீக்கு. குடத்தில் சீக்கு அண்டாது. ஒன்பது வயதுப் புத்திக்கு இதைவிடத் தெளிவாக வேறு என்ன வேண்டும்?

சிப்பாய்களுக்குப் புல் வெட்ட அப்பாவையும் அம்மாவையும் பங்களாவுக்குக் கூப்பிட்டுப் போயிருந்தார்கள். தம்பியைக் காவலுக்கு வாசலில் உட்கார வைத்துவிட்டுக் குடத்தைத் தோண்டி எடுத்தேன். பச்சைக்களிம்பு ஏறிக் கிடந்தது. அம்மா ஒளித்து வைத்திருந்த புளியில் ஒரு கொட்டை அளவு கிள்ளி, சாம்பல் சேர்த்து உள்ளும் புறமும் தேய்த்தேன். நகமெல்லாம் எரிந்தது. குடம் புதுக் கல்யாணக் குடமாகச் சிவந்து மின்னியது. அலம்பினேன். எவ்வளவு அலம்பினேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை, அவசரம். தண்ணீர் ஊற்றி ஆறு மீனையும் ஒவ்வொன்றாகக் கையால் அள்ளி விட்டேன். செப்புக்குள் அவை நெருப்புத் துண்டு மாதிரித் தெரிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முறத்தை எடுத்து மூடினேன்.

உச்சி வெயிலில் திறந்து பார்த்தேன். ஆறும் மேலே வந்து காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்து ஒரு கிள்ளுச் சோறு போட்டேன். சீந்தவில்லை. ஒன்று சுழன்று சுழன்று புரண்டது. பிறகு இன்னொன்று. அள்ளி அள்ளிப் பெட்டிக்குள் போட்டேன். ஐந்து மல்லாந்துவிட்டன. தொப்பி மட்டும் அடியில் போய்ச் சாய்ந்து கிடந்து செவுளை அசைத்தது.

குடத்தைத் திரும்பப் புதைத்தேன். மண்ணைக் காலால் மிதித்தேன். தம்பியைப் பிடித்து, "சொன்னேன்னா ஜப்பான்காரன்கிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்," என்றேன். அவன் கடைசிவரை சொல்லவில்லை.

அம்மா வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்.

"என்னடி ஆச்சு?"

"தெரியாதும்மா."

"மஞ்சள் போட்டேனே... பாவி, நானே கொன்னுட்டேனே!" தலையில் தலையில் அடித்துக்கொண்டார். 'இல்லம்மா' என்று என் வாய்க்குள் ஒரு சொல் வந்து நின்றது. வெளியே வரவில்லை. அப்பா இடுப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்து, முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மடித்து வைத்தார்.

சித்தப்பாதான் யோசனை சொன்னார். பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தௌக்கே கடைக்குப் பின்னால் பெரிய தாழியில் இதே மாதிரி மீன் வளர்ப்பதைப் பார்த்திருக்கிறார். ஆம்பிளை போனால் வழியில் பிடித்துக்கொள்வார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். கையில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம்.

தோட்டத்துக்காரர்களிடம் வியாபாரம் செய்து செய்து தௌக்கேக்குத் தமிழ் வரும். தகரத்தை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்தார்.

"ஐயோ அம்மா! இது எண்ணெ தகரம். இதுல மீன் போட்டா ரோடு தாண்டாதுலா, செத்துடும்." பிறகு கேட்டார். "முன்ன இருந்த மீன் எப்படிச் செத்துச்சு? என்ன குடுத்த?"

"சோறு, தௌக்கே. மூணு வேளையும்."

"மூணு வேளையா!" தௌக்கே தொடையில் தட்டிச் சிரித்தார். "இந்தக் காலத்துல யாருக்கு மூணு வேள சோறு? எனக்கே இல்ல. அடுத்த ஜென்மம் நான் உன் வூட்டு மீனா வர்றேன்!"

அம்மா சிரிக்கவில்லை. இக்கான் மாத்தி, லூ மாத்தி என்று துரை சொன்னதைச் சொன்னார். தௌக்கே சிரிப்பை அப்படியே நிறுத்தினார். அவர் மகனை முதல் வருஷமே லாரியில் ஏற்றிக்கொண்டு போனது பீடோங் முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த மகனின் சைக்கிள் சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. இரண்டு டயரிலும் காற்றில்லை.

எழுந்து பின்கட்டுக்குப் போனார். நாங்களும் போனோம். தாழித் தண்ணீர் பச்சையாக இருந்தது. நாங்கள் அழுக்கு என்று கொட்டியிருப்போம். அதற்குள் சிவப்பாக நிழல்கள் நகர்ந்தன.

"கேட்டுக்கோ. மீனுக்குக் கண்ணு எவ்ளோ பெருசு, வயிறும் அவ்ளோதான். ஒரு நாள் ஒரு தடவ, ஒரு சிட்டிகை. போதும். தண்ணி முழுசும் மாத்தாத. கொஞ்சம் எடு, கொஞ்சம் ஊத்து. ஊத்துற தண்ணி முந்தாநாள் இறைச்சு வெச்ச தண்ணி. வெயில்ல வெக்காத. அப்புறம் செம்பு, பித்தள, கிட்ட கொண்டு போவாத. செம்பு அதுக்கு விஷம்."

"எங்க வீட்டுல செம்பே கிடையாதே தௌக்கே," என்றார் அம்மா அவசரமாக. யார் காதிலாவது விழுந்து வீட்டைச் சோதனை போடுவார்கள் என்ற பயம். நான் தாழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

எட்டு மீனை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் தாழித் தண்ணீரோடு பிடித்துக் கொடுத்தார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுகளை நீட்டினார். தௌக்கே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இந்தப் பேப்பர் வேணாம். பழைய வெள்ளி வந்தப்புறம் குடு. ஒரு மீன் ஒரு வெள்ளி."

அம்மா திரும்பி வாசலைப் பார்த்தார். வெள்ளைக்காரன் காலத்துக் காசான பழைய வெள்ளி வரும் என்று சொல்வது அன்றைக்குத் தலை போகிற பேச்சு. வெள்ளைக்காரன் திரும்பி வருவான் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான்.

"கணக்கு நோட்டுல எழுதிக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எழுதுனா எனக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதும்."

திரும்பும் வழியில் பாலத்துக்கிட்டே ஜப்பான் சென்ட்ரி காவலுக்கு நின்றான். குனிந்து கும்பிட வேண்டும். டின்னை வைத்துக்கொண்டு அம்மா குனிந்தபோது தண்ணீர் வழிந்து என் காலில் கொட்டியது. அவன் துப்பாக்கிக் கத்தியின் முனையால் டின்மேல் மூடியிருந்த இலையைத் தள்ளினான். "துவான் பூஞ்ஞா இக்கான், துவான் பூஞ்ஞா இக்கான்," என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், துரையோட மீன், துரையோட மீன் என்று. அந்தக் கத்தி முனை தண்ணீரில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. மீன்கள் விலகி விலகி ஓடின. நான் எண்ணினேன். எட்டு. கத்தி வெளியே வந்தது. இன்னும் எட்டு. போ என்று தலையாட்டினான்.

தௌக்கே சொன்னபடியே செய்தோம். ஒன்றும் சாகவில்லை. துரை வந்தார்.

அன்றைக்கும் பக்கத்துக் கதவுகள் சாத்திக்கொண்டன. துரை பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து உதடு அசைய எண்ணினார். ஒன்பது. பிறகு சட்டைக்கையைச் சுருட்டினார். அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. விரல் தண்ணீருக்குள் போனது. தொப்பி மட்டும் நேரே வந்து கொத்தியது. மற்ற எட்டும் பயந்து அடுத்த மூலைக்கு ஓடின.

துரை விரலை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். என் பாவாடை நனைந்து காலில் சூடாக ஓடியது. பிறகு எழுந்து அப்பாவைப் பார்த்தார். எட்டு மீனையும் பார்த்தார். திடீரென்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். ஈரக்கையால் அப்பாவின் முதுகில் தட்டி, "பாய்க், பாய்க்," என்றார். நல்லது, நல்லது என்று அர்த்தம். அவர் போன பிறகும், சட்டையில் அந்த ஐந்து விரல் ஈரம் காயும்வரை அப்பா அசையவில்லை.

இப்போது எனக்குத் தோன்றுகிறது, அவருக்குத் தெரிந்துவிட்டது. தினமும் விரலைக் கொடுத்து வளர்த்தவருக்குக் கறுப்புவால் இல்லாதது தெரியாமல் போகுமா? முதலில் சொன்னதும் விளையாட்டாகவே இருந்திருக்கலாம். ஆனால் கையில் கத்தி வைத்திருக்கிறவனின் விளையாட்டு நமக்கு எப்படி விளங்கும்? அப்பாவுக்கு விளங்கவில்லை. அவர் அந்தச் சிரிப்பைக் கண்டு முன்னைவிட அதிகமாகப் பயந்தார்.

கொஞ்ச நாளில் அந்தத் துரையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். லாரியில் இடமில்லை. மீன் இங்கேயே இருக்கட்டும், திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். புதிதாக வந்தவர் மீன் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஆள்.

கிராணி ஐயா ஒரு மத்தியானம் குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு வந்தார். எமன் மாதிரிதான் அவரை நினைத்திருந்தோம்.

"நாளைக்கு லொறி வருது. நீர் செமிலிங் பக்கம் போய் நாலு நாள் இரும். ஆளைக் காணேல்லை எண்டு நான் எழுதுவன். கெதியா வெளிக்கிடும்."

சித்தப்பா முன்னமே மூட்டை கட்டியிருந்தார். செமிலிங் பக்கத்து மெர்போக் ஆற்றோரத்துச் சதுப்புக் காட்டில் நம்மாட்கள் சிலர் ஒளிந்திருந்தார்கள்.

"அண்ணே, கெளம்புங்க."

"மீனு?"

"மசுரு மீனு! உசுரு பெருசா, மீனு பெருசாண்ணே?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. துரை வந்து மீனு எங்கேன்னு கேட்டா? என்கிட்ட காயிதம் இருக்கு. மீனு இருக்கிற வரைக்கும் என்னைத் தொட மாட்டானுங்க."

"நான் பாத்துக்கிறேன் மீனை. நீங்க போங்க," என்றார் அம்மா. கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. அசந்துபோய்த்தான் சொன்னார்.

"நீ பாத்துத்தானே புள்ள அஞ்சும் செத்துச்சு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'அம்மா இல்லப்பா, நான்தான்' என்று சொல்ல அந்த நேரம் போதும். சொல்லியிருந்தால் அப்பா அம்மாவை நம்பி மீனை விட்டுவிட்டுப் போயிருப்பாரா? எனக்கு ஒன்பது வயது. அடி விழும் என்று பயந்தேன். வெறும் அடிக்குத்தான் பயந்தேன்.

சித்தப்பா தனியாகப் போனார்.

மறுநாள் பட்டப்பகலில் லாரி வந்தது. அப்பா தானாகவே வாசலுக்குப் போய்க் காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். சிப்பாய் வாங்கிப் படித்தான். வீட்டுக்குள் எட்டிப் பெட்டியைப் பார்த்தான். காகிதத்தைப் பழைய மடிப்புப்படியே ஒழுங்காக மடித்து அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்தான். பிறகு லாரியைக் காட்டினான். அப்பா ஏறும்போது எங்களைப் பார்த்து, "தண்ணி முழுசும் மாத்தாதீங்க," என்றார். அதுதான் கடைசி.

அப்பா போன பிறகு மீன் ஒன்றுகூடச் சாகவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. முந்தாநாள் இறைத்த தண்ணீர். ஜப்பான்காரர்கள் தோற்றுப் போகும்வரை ஒன்பதும் இருந்தன. யாரும் வந்து கேட்கவில்லை. சித்தப்பா கறுத்து மெலிந்து உயிரோடு வந்தார். சயாமிலிருந்தும் கொஞ்சப் பேர் வந்தார்கள். வருகிற ஒவ்வொருத்தரையும் அம்மா ரோட்டில் நிறுத்திக் கேட்டார். கிராணி ஐயா எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். வெட்கப்பட்டது அவர். தப்பிக்க வழி சொன்ன அவரையே வைதுகொண்டிருந்தது நாங்கள்.

பழைய வெள்ளி வந்தது. அம்மா பால்மரம் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்து எட்டு வெள்ளி சேர்த்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு பீடோங் போனார். கடையில் வேறு ஆட்கள். துணி விற்றுக்கொண்டிருந்தார்கள். பின்கட்டுத் தாழியில் மழைத் தண்ணீர் நின்றது. தௌக்கே எங்கே என்று கேட்டோம். அந்த மனிதர் கையைச் சும்மா வீசினார். போய்விட்டார் என்றா, கொண்டுபோய்விட்டார்கள் என்றா, புரியவில்லை. சைக்கிளையும் காணோம்.

அந்தப் பணத்தை அம்மா தனி முடிச்சாகப் போட்டு வைத்திருந்தார். இரண்டு தடவை மறுபடியும் போய் விசாரித்தார். அடுத்த வருஷம் தம்பிக்கு மலேரியா கண்டு படுத்தபோது முடிச்சை அவிழ்க்க வேண்டியதாயிற்று. "இது நம்ம காசு இல்லடி," என்று சொல்லிக்கொண்டேதான் அவிழ்த்தார். தம்பி பிழைத்தான்.

அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை மீன் குழம்புக்கு மஞ்சள் போட்டதில்லை. "ஏன்க்கா, குழம்பு வெளுத்துக் கெடக்கு?" என்று பக்கத்து வீட்டில் கேலி பேசுவார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். அந்தப் பெட்டி மீன் மாதிரியே திறந்து மூடினேன்.

செப்புக் குடம் என்னிடம்தான் இருக்கிறது. துலக்குவதில்லை. அம்மாவுக்குத் தரவேண்டியதை இனி எங்கே கொண்டுபோய்த் தருவேன்? தௌக்கே கடனையாவது தரலாமே என்று பீடோங் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கடையில் இப்போது மோட்டார் சைக்கிள் டயர் விற்கிறார்கள். யாராவது ஒரு சீனப் பெரியவர் உட்கார்ந்திருந்தால் இறங்கிப் போய்க் கேட்கலாம் என்று பார்ப்பேன். இறங்கியதில்லை, பயம்.

தௌக்கேக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும் என்று இருந்தது, இப்போது எனக்கு மட்டும் தெரியும். மீன் எட்டு. மீனுக்கு ஒரு வெள்ளி. கொடுத்தது ஒன்றுமில்லை. பாக்கி எட்டு வெள்ளி.